பூ வைக்கும் முன்

மதுரை,
ஆடி 20.

அன்புள்ள ராசாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

போன வாரம் நீ போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிப்பா, சாப்பிட்டியா?" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான். போனை வைத்த பிறகு, பெரியம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்திருப்பாயோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நீ சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 31 வயது வரை இதைத் தனியாகச் சுமந்தாயே, அதுதான் தாங்கவில்லை.

உன் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1987இல், நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கல்லூரிப் பையனை அவன் அப்பாவே எங்கள் மனநல வார்டுக்குக் கூட்டிவந்தார். விடுதியில் இன்னொரு பையனோடு பழக்கம் என்று தெரிந்துவிட்டது. இதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1860இல் கொண்டுவந்த 377ஆவது பிரிவு அப்போது இருந்ததால் போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. ஆஸ்பத்திரி என்றால் மானம் மிஞ்சும் என்று நினைத்தார். பையனின் மணிக்கட்டில் கம்பியைச் சுற்றி, ஆண்களின் படத்தைக் காட்டும்போதெல்லாம் மின்சாரம் வைத்தார்கள். அவன் கை ஆடாமல் பிடித்துக்கொண்டது நான். நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் பிடித்தேன். நாலாம் நாள், "சிஸ்டர், நான் மாறிட்டேன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். குணமாகிவிட்டது என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். அடுத்த தையில் அவனுக்குக் கல்யாணம்.

ஏழெட்டு வருஷம் கழித்து அவன் மனைவி புறநோயாளிப் பிரிவுக்கு வந்தாள். அப்போது நாங்கள் இருந்தது சின்ன ஊர்; யார் என்று பார்த்ததும் தெரிந்தது. பிள்ளை இல்லை என்று மாமியார் அவளைக் கோயில் கோயிலாகவும் ஸ்கேன் ஸ்கேனாகவும் இழுத்துக்கொண்டிருந்தார். மலடி என்ற பேர் அவளுக்குத்தான். மாமியார் மருந்து வாங்கப் போன நேரத்தில் மெதுவாகச் சொன்னாள்: "அவர் என்னை ஒரு நாளும் திட்டினதில்லை சிஸ்டர். தொட்டதும் இல்லை."

நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் புருஷனின் கையைப் பிடித்த கை இது.

அவன் நோயாளியே இல்லை என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே ஒப்புக்கொண்டிருந்தது. எங்கள் வார்டுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை. 1990இல் உலக சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. மாற்றிக்காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று நம் நாட்டின் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது 2022இல். யாராவது, உன் அப்பாவே ஆனாலும், "ஒரே ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டால் போகாதே. ஆளை மாற்றும் வைத்தியம் எதுவும் கிடையாது. பயத்தில் பொய் சொல்லவைக்கும் வைத்தியம்தான் இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

உன்னை யாரும் அடிக்கவில்லை, நம் வீட்டில் ஒருவரும் கேவலமாகப் பேசவில்லை என்று நீயே சொன்னாய். அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். உனக்கு ஐந்து வயதில் அத்தை மகளைக் காட்டி, "இவளைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தவள் நான்தான். எந்தப் பெண்ணைப் பிடிக்கும் என்றுதான் நாங்கள் கேட்டோம். யாரைப் பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குள் உனக்கு இடமே இல்லை. வசவு விழுந்தால் எதிர்த்துச் சண்டையாவது போடலாம். பாசத்தோடு கேட்கிற கேள்வியை எப்படி எதிர்ப்பது?

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. நாலு வருஷமாக உன் சிநேகிதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவங்க வந்தாங்க, அவங்க சமைச்சாங்க" என்பாய். வேற சாதிப் பெண் போல, அதுதான் மறைக்கிறான் என்று நினைத்தேன். நம் மொழியில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடுமே! ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும் முன் யோசித்து யோசித்துப் பேசியிருக்கிறாய். உன் வயதில் உனக்கு ஏன் இரத்த அழுத்தம் என்று நான் உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

அம்மா மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் அம்மாவின் கண்ணீர் எனக்கும் பெரிதுதான், அவள் என் தங்கை. ஆனால் அந்தக் கண்ணீரை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் இறக்கிவைக்க நமக்கு உரிமை இல்லை. கல்யாணம் வேண்டாம் என்பதற்கு இப்போதே முழுக் காரணத்தையும் சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல். மீதியை நான் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். அலுவலகத்தில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். அதை வைத்து யாரும் உன் தைரியத்தை அளக்க வேண்டியதில்லை.

உன் அம்மா மாறுவாளா என்று கேட்டாய். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அரசாங்கம் மரியாதையான சொற்களைத் தொகுத்து அரசிதழில் போட்டது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லை நான் கற்றது அதற்குப் பிறகுதான். எங்கள் காலத்தில் இருந்ததெல்லாம் வசவு. பெயரே தெரியாத ஒன்றைப் பற்றி உன் அம்மா எப்படி யோசிப்பாள்? அவளுக்குக் கொஞ்ச காலம் கொடு. அந்தக் காலத்தை ஒரு தாலியைக் கட்டி வாங்காதே.

377 பற்றிய தீர்ப்பு வந்த 2018 செப்டம்பர் 6 முதல் நீங்கள் இருவரும் சட்டத்தின் முன் குற்றவாளிகள் இல்லை. ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமையைத் தரவில்லை. இதன் அர்த்தம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆபரேஷனுக்கு முன் நீட்டுகிற படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பத்து வருஷம் கூட வாழ்ந்தவர் வெளியே நிற்க, எப்போதோ பேச்சு நின்றுபோன அண்ணன் வந்து கையெழுத்துப் போடுவார். அதனால் இப்போதே கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, நாமினியாக ஒருவர் பெயரை ஒருவர் போடுங்கள். தடையில்லை என்று 2024இல் மத்திய அரசே தெளிவுபடுத்திவிட்டது. வக்கீலை வைத்து உயிலும் எழுதிவிடுங்கள். சின்ன வயதில் உயிலா என்று சிரிக்காதே.

ஆடி முடிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். ஆவணி பிறந்ததும் பூ வைக்கப் போகலாம் என்று உன் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள். பெண் வீட்டாருக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை, நேற்றுத்தான் விசாரித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொல். சனிக்கிழமை ராத்திரியே நான் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். அவள் கத்தினால் என்னிடம் கத்தட்டும்.

அது முடிந்ததும் இரண்டு பேரும் இங்கே வந்து நாலு நாள் இருங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்துவைக்கிறேன். அந்தத் தம்பிக்குக் காரம் ஆகுமா என்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியம்மா