கூக்குரல் கேட்கும்போது தலைவன் எங்கே நிற்கிறான்?

வேதபாடம். வாசிக்க: நெகேமியா 5:1-13



நெகேமியா என்றாலே நமக்கு அலங்கம்தான் ஞாபகம் வரும். 52 நாளில் கட்டி முடித்தார் (6:15) என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த வேலைக்கு நடுவே ஒரு பெரிய தொழிலாளர் பிரச்சனை எழும்பியதே, அதைக் கவனித்தீர்களா? ஜனங்கள் தங்கள் மனைவிகளோடு வந்து நின்று கூக்குரலிட்டார்கள். சத்துரு மேல் அல்ல, சொந்த சகோதரர் மேலேயே புகார். பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகள் அடிமைகளாகப் போகிறார்கள் என்று முறையிட்டார்கள்.

வெளியே சன்பல்லாத்து காத்துக்கொண்டிருக்கிறான். "இப்போ பேச நேரமில்லை, முதல்ல வேலை முடியட்டும்" என்று சொல்ல நெகேமியாவுக்கு நல்ல சாக்கு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. 6-ம் வசனத்தில் மிகவும் கோபம் கொண்டார் என்று பார்க்கிறோம். ஆவிக்குரியவனுக்குக் கோபமே வராது என்று பேசுகிறவர்கள் இந்த வசனத்தை என்ன செய்வார்களோ! 7-ம் வசனத்தில் முதலில் தன் மனதுக்குள்ளே ஆலோசிக்கிறார். பிறகு பிரபுக்களிடம் முகத்துக்கு முகம் பேசுகிறார். அதன்பின் பெரிய சபையைக் கூட்டுகிறார். கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் கோபம் அவரைக் கத்த வைக்கவும் இல்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கவும் இல்லை.

இந்த இரண்டாவதுதான் நம்மை அதிகமாக ஏமாற்றும். கத்துகிறவனை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். பேசாமல் ஒதுங்கிப் போகிறவனை "அவர் ரொம்ப அமைதியானவர்" என்று புகழ்கிறோம். அது அமைதி அல்ல, தூரம்.

தூரம் என்ன செய்யும் என்பதை நம் பகுதியிலேயே பார்த்தோம். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் கம்பெனிப் பெண்பிள்ளைகள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்களுக்கு அவர்கள் கதி என்ன ஆனது என்று சரியாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய் என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் டிசம்பர் 17 இரவு பிள்ளைகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் இருக்கவேண்டிய தரத்தில் இல்லை என்று ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் பிற்பாடு ஒப்புக்கொண்டன. விடுதி சரியில்லாதது முதல் காரணம். பயந்துபோன பிள்ளைகளுக்கு, அவர்கள் நம்பும் ஒரு முகம் உடனே பதில் சொல்லாதது இரண்டாவது காரணம் என்பது என் எண்ணம்.

2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்க அங்கீகாரம், சம்பளம், வேலை நேரம் என்று கோரிக்கைகள். அமைச்சர்கள் மூன்று பேர் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். அக்டோபர் 7-ல் தொழிலாளரில் ஒரு பகுதியோடு கம்பெனி ஒப்பந்தம் செய்தது, பந்தலில் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. 37 நாள் கழித்து அக்டோபர் 15-ல் ஸ்டிரைக் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

பேப்பரில் செய்தி அதோடு முடிந்தது. ஆனால் அக்டோபர் 17-ல் வேலைக்குத் திரும்பியவர்களை நினைத்துப் பாருங்கள். வெளியே உட்கார்ந்தவரும் உள்ளே வேலை செய்தவரும் மறுபடி ஒரே லைனில் நிற்கவேண்டும். ஒரே கம்பெனி பஸ், ஒரே கேன்டீன். சங்கம் ஜெயித்ததா, நிர்வாகம் ஜெயித்ததா என்ற பேச்சு ஒருபுறம். பக்கத்து மெஷின்காரன் முகம் கொடுத்துப் பேசுவானா என்பது மறுபுறம். இந்தக் காரிடாரில் எந்த ஆலையில் தகராறு வந்தாலும் இது உண்டு. நம் சபைகளிலும் சூப்பர்வைசர் ஒரு பாயில், சங்கத்து ஆள் அடுத்த பாயில் உட்கார்ந்து ஆராதிக்கிறார்கள்.

அங்கே லைன் லீடராக, வார்டனாக, சங்க நிர்வாகியாக, ஜெபக்குழுத் தலைவராக இருக்கிற சகோதரனே, சகோதரியே, நீ என்ன செய்வாய்? "நடந்தது நடந்துபோச்சு, எல்லாரும் மறந்துடுங்க" என்று முதல் நாளே சொல்லாதே. அவர்கள் மறக்கவில்லை. 37 நாள் சம்பளமில்லாமல் கடன் வாங்கினவர் எப்படி மறப்பார்? ஒவ்வொருவரிடமும் பேர் சொல்லிப் பேசு. "வீட்ல எப்படிண்ணா இருக்காங்க? பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டியாச்சா?" என்று இரு தரப்பாரையும் கேள். குத்தல் பேச்சு வந்தால் தூரத்தில் நின்று அதட்டாதே. பக்கத்தில் போ, குரலைத் தாழ்த்து. அவர் சொன்னதை உன் வாயால் திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்றீங்க?" என்று கேள்.

கை நடுங்குதே, நெஞ்சு படபடக்குதே என்கிறாயா? அதற்கு பைபிள் காலேஜில் பாடம் கிடையாது! அந்நேரத்தில், "எனக்கும் கோபமா இருக்கு. பத்து நிமிஷம் கொடுங்க, வந்து உட்கார்ந்து பேசறேன்" என்று சொல். பதினோராவது நிமிஷம் நீ அங்கே இருக்கவேண்டும். வராமல் போனால் அடுத்த முறை உன் அமைதியை யாரும் நம்பமாட்டார்கள்.

ரெகொபெயாமும் மூன்று நாள் டைம் வாங்கினான் (1 இராஜாக்கள் 12). நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்கும் என்றுதான் ஜனங்கள் கேட்டார்கள். நல்வார்த்தை பேசும் என்று முதியோர் சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, கடினமாய் உத்தரவு கொடுத்தான். பத்துக் கோத்திரம் போயிற்று. ஆறப்போட்டது மட்டும் உதவவில்லை.

இன்னொன்று. நெகேமியா இரு தரப்புக்கும் பாதி பாதி என்று சமாதானம் பேசவில்லை. வட்டி வாங்குவது நல்லதல்ல என்று நேராகச் சொன்னார். ஒருவன் உரிமை நசுக்கப்படும்போது "நான் யார் பக்கமும் இல்லை" என்பது சாந்தகுணமாகாது. ஆனால் 10-ம் வசனத்தை நிதானமாய் வாசியுங்கள். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோமே, இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். "நீங்கள் விடுங்கள்" என்று சொல்லாமல் "நாம் விடுவோம்" என்றார். பிரபுக்கள் அன்றைக்கே சம்மதித்தார்கள்.

அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் 6:1-7 வாசித்து வாருங்கள். விதவைகளின் பந்தியில் எழும்பின முறுமுறுப்புக்கு அப்போஸ்தலர் எத்தனை சீக்கிரம் செவிகொடுத்தார்கள், யார் யாரைத் தெரிந்தெடுத்தார்கள் என்று அங்கே பேசுவோம்.