இருப்புப்பாதை வழியே இலங்கை – ஒரு திணைநோக்கு

முன்னுரை

பூமியில் பயணம் செய்து, முன்னர் வாழ்ந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் மாந்தரைப் பணிக்கின்றது. வெறுமனே பார்த்து வருவதை அன்று, பார்த்துச் சிந்திப்பதையே அது வலியுறுத்துகின்றது. அந்நோக்கில் நம் அண்டை நாடாகிய இலங்கையை இருப்புப்பாதை வழியே காண முயல்வது இக்கட்டுரை.

இலங்கையின் தொடர்வண்டிப் பயணம் இன்று உலகெங்கும் புகழ் பெற்றுள்ளது. எல்ல என்னும் ஊரை அடுத்துள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தை நம் மாணவர் பலர் கைப்பேசியில் கண்டிருப்பர். மேலைநாட்டவர் அப்பாதையில் பசுமையையும் பனியையும் கண்டு மகிழ்கின்றனர். தமிழ் பயிலும் நாம் கூடுதலாக எதனைக் காணுதல் வேண்டும்?

இவ்வினாவிற்கு விடை காணத் தொல்காப்பியர் வகுத்த அகத்திணைக் கோட்பாடு துணை செய்கின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். தொடர்வண்டிச் சாளரம் முதலையும் கருவையும் தானே காட்டிவிடும். உரிப்பொருளை மட்டும் நாம் வரலாற்றின் வழியே தேடிப் பெறுதல் வேண்டும்.

பாதை பிறந்த வரலாறு

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. நம் வெள்ளானூருக்கு அண்மையிலுள்ள ஆவடி வழியாகவே அது சென்றது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1864 டிசம்பர் 27 அன்று, இலங்கையின் முதல் வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. கொழும்பிலிருந்து பதுளை வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை முற்றுப்பெற அறுபது ஆண்டுகள் ஆயின.

அழகு காட்டுவதற்காக எவரும் இப்பாதையை அமைக்கவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த காப்பிக்கொட்டையை மாட்டுவண்டிகளில் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாயின. எனவே தோட்டத் துரைமார் இருப்புப்பாதையை வேண்டினர். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. தேயிலைத் தோட்டங்கள் மேலேற, பாதையும் உடன் ஏறியது.

குறிஞ்சி: மலைநாட்டுப் பாதை

கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலையில் வண்டி ஏறினால் முதலில் தென்னந்தோப்பும் வயலும் நம்முடன் வரும். இது மருதம். ரம்புக்கனை கடந்ததும் ஏற்றம் தொடங்குகின்றது. 44 அடி தொலைவிற்கு ஓர் அடி உயரும் சரிவில் வண்டி மெல்ல ஏறுகின்றது. கடுகண்ணாவையை நெருங்கும்போது ஒருபுறம் பாறைச் சுவரும் மறுபுறம் ஆழ்பள்ளமும் தோன்றும்.

பேராதனைச் சந்தியில் கண்டிக்குரிய கிளை பிரிகின்றது. கண்டி நம் துறையினர் மறத்தலாகாத ஊர். அறிஞர் சித்தி லெப்பை (1838–1898) பிறந்த மண் அது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய அப்பெருமகனார், 1885இல் 'அஸன்பேயுடைய சரித்திரம்' என்னும் புதினத்தை வெளியிட்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டுகளில் தோன்றிய நூல் அது. தமிழ்ப் புதின வரலாற்றைப் பயில்வோர் அதனையும் கற்றல் வேண்டும்.

நாவலப்பிட்டியைக் கடந்தால் தேயிலை நாடு. ஹட்டன் நிலையத்தில் இறங்குவோர் பலர், அங்கிருந்து 2,243 மீட்டர் உயரமுள்ள மலைமுடிக்குச் செல்பவராவர். அம்முடியிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர்; சைவர் சிவனொளிபாதம் என்பர்; முஸ்லிம்கள் ஆதிபிதா ஆதம் நபியவர்களுடையது எனக் கருதி பாவா ஆதம் மலை என்பர். மாலத்தீவிலிருந்து 1344இல் இலங்கை வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலை ஏறிய செய்தியைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். பின்னர் அவர் நம் தமிழகக் கரையாகிய மஅபருக்கு வந்தார் என்பதும் நினைக்கத் தக்கது.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீட்டருக்கும் மேலான நீளமுடைய சிங்கமலைச் சுரங்கம் உள்ளது. தலவாக்கலைக்கு அருகில் சென்கிளயர் அருவியை வண்டியிலிருந்தே காணலாம். பட்டிப்பொல நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 1,891 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாட்டின் மிக உயர்ந்த நிலையம் அதுவே. அதன் பின்னர்ப் பாதை இறங்கத் தொடங்குகின்றது. எல்லவிற்கும் தெமோதரைக்கும் இடையேதான் அந்த ஒன்பது வளைவுப் பாலம். எஃகுச் சட்டங்களின்றிக் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டப்பெற்றது. ஏறத்தாழ 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்திற்குக் கீழேயே சுரங்கமாக நுழைகின்றது. பொறியியல் மாணவர் காணவேண்டிய இடம் இது.

நிலம் குறிஞ்சி, ஒழுக்கம் பாலை

இதுகாறும் கண்டவை முதலும் கருவும். இனி உரிப்பொருளுக்கு வருவோம். சாளரத்திற்கு வெளியே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசும் மொழி தமிழ். அவர்தம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். பஞ்சமும் கடனும் அவர்களை விரட்டின. கங்காணிகளின் ஆசைமொழி அவர்களை ஈர்த்தது. கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். அவர்கள் துயரை மையமாகக் கொண்டு புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யைப் படைத்தார்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறித் தனுஷ்கோடி சென்று, கப்பலில் தலைமன்னார் கடந்து, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு அடையும் வழி அதனால் உருவாயிற்று. வணிகரும் அறிஞரும் அவ்வழியில் இனிது சென்றனர். தோட்டத் தொழிலாளரோ மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கிச் சோதனைகளுக்கு உட்பட்ட பின்னரே செல்ல முடிந்தது. கடல் ஒன்றே எனினும் அதனைக் கடந்தோரின் நிலை ஒன்றன்று.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974 வரை தள்ளிப்போயிற்று. யார் எங்கே வாழ்வது என்பது, வாழ்பவரை உடன்வைத்துப் பேசி முடிவு செய்யப்பெறவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. நிலையத்தை நெருங்கிய பயணியர் வண்டியும் கடலுள் மூழ்கியது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பெற்றோர் பின்னர் மலைநாட்டு வண்டிகளில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலில் வந்தனர். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுள் பலர் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் தங்கியோருள் எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல் வந்தது.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். ஒரு திணைக்குரிய ஒழுக்கம் பிறிதொரு நிலத்தில் நிகழும் திணைமயக்கத்தைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. மலையகத்தில் நாம் காண்பது அத்தகைய மயக்கமே. நிலம் குறிஞ்சியாக, வாழ்ந்த வாழ்வு பாலையாக உள்ளது. ஊரைப் பிரிந்து ஒருமுறை சென்றவர், சென்ற ஊரைப் பிரிந்து மறுமுறை வந்தனர்.

நெய்தல்: தென்கரைப் பாதை

கொழும்பிலிருந்து தெற்கே காலி, மாத்தறை செல்லும் பாதை கடலோரமாகவே ஓடுகின்றது. சில இடங்களில் அலைநீர் சாளரத்தில் தெறிக்குமோ என ஐயுறத் தோன்றும். இப்பாதையிலுள்ள பாணந்துறைப் பகுதி, பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்களைத் தந்த மண். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டினை ஆய்ந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக வீற்றிருந்தவர் அவர். அடுத்து வரும் பேருவளை, அரபு வணிகர் பழங்காலத்தே குடியேறிய துறை.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். 2004 டிசம்பர் 26 அன்று பெரலிய என்னுமிடத்தில் ஆழிப்பேரலை தொடர்வண்டியைச் சாய்த்தபோது 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகத் தொடர்வண்டி வரலாற்றில் அதுவே பெருந்துயர் என்பர்.

வடக்குப் பாதை

கொழும்பிலிருந்து அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு வழியே யாழ்ப்பாணம் செல்லும் பாதை 1905இல் நிறைவுற்றது. 1956இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. நீர்நிலைகளும் வறண்ட காடுகளும் கடந்து பனைகள் தோன்றும்போது யாழ்ப்பாணம் அண்மித்ததை அறியலாம்.

போரின் காரணமாக 1990 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்திற்கு வண்டி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பெற்றனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டு, கையில் கொண்டதுடன் புறப்பட்ட அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். போர் நீடித்த ஆண்டுகளில் தமிழ் மக்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். இரு சமூகத்தாரும் அழுத மொழி தமிழே என்பதை இத்துறையினராகிய நாம் வேறு எவரினும் நன்கு உணர்தல் வேண்டும்.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்கள் இந்திய உதவியுடன் மீண்டும் இடப்பெற்றன. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும், 2015இல் காங்கேசன்துறைக்கும் தலைமன்னாருக்கும் வண்டிகள் திரும்பின. நம் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையில் உருவான தொடர்வண்டிகளும் இன்று இலங்கையில் ஓடுகின்றன. இரு நாட்டிலும் ஒரே அகலப்பாதை அளவு என்பது இதற்குத் துணைநின்றது. தண்டவாளத்தை மீண்டும் இடுதல் சில ஆண்டுப் பணி. பெயர்ந்தோர் ஊர் திரும்பி, அயலாரோடு முன்போல் கூடி வாழ்தலோ நெடும்பணி.

செல்ல விழைவோர்க்கு

முன்பதிவின்றி மலைநாட்டு வண்டிகளில் இடம் பெறுதல் அரிது. கொழும்பிலிருந்து செல்வோர் கடுகண்ணாவை ஏற்றத்தைப் பகலொளியில் காணுமாறு காலை வண்டியைத் தெரிதல் நன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'தித்வா' புயலில் மலைநாடு பெரும் நிலச்சரிவுகளுக்கு உள்ளாகி, இருப்புப்பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆதலின் எதுவரை வண்டி செல்கின்றது எனக் கேட்டறிந்த பின்னரே புறப்படுதல் வேண்டும். வண்டியின் படியில் தொங்கிப் படமெடுக்கும் பழக்கம் உயிரைப் பறிக்கும். நம் மாணவர் அதனை அறவே தவிர்க்க.

முடிவுரை

இலங்கையின் இருப்புப்பாதை மூன்று திசைகளில் மூன்று நிலங்களைக் காட்டுகின்றது. மூன்றிலும் உரிப்பொருளாக நிற்பது பிரிவும் இரங்கலும் ஆகும். எனினும் அது மட்டுமே உரிப்பொருள் அன்று. சித்தி லெப்பை இதழ் நடத்தியதும், உவைஸ் அவர்கள் நூல்களைத் தேடித் தொகுத்ததும், மலையக மக்கள் தம் மொழியை மறவாது காத்ததும் அம்மண்ணில்தான்.

நம் மாணவர் என்றேனும் அப்பாதையில் செல்வராயின், படம் எடுப்பதோடு நில்லாது, அருகில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெரியவரிடம் அவர்தம் முன்னோர் தமிழகத்தின் எவ்வூரினர் எனக் கேட்பாராக. அவர் சொல்லும் ஊர்ப்பெயரைக் குறித்து வந்து நம் துறையில் பதிவு செய்வாராயின், அடுத்த ஆண்டு மலருக்கு அதனினும் சிறந்த கட்டுரை வேறில்லை.