இரவுச் சோறு எந்தக் காட்டில் விளைந்தது?

இன்று இரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? இட்லியா, உப்புமாவா, மதியம் வடித்த சோறா? சாப்பிட உட்காரும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். தட்டில் இருப்பதில் எவ்வளவு நம் காட்டில் விளைந்தது? அரிசி ரேசன் கடை. உளுந்து மளிகைக் கடை. ரவையும் எண்ணெயும் பாக்கெட். நாம் நஞ்சில்லாமல் விளைவித்த சாமையும் பச்சைப்பயறும் மூட்டையாக நகரத்துக்குப் போய்விட்டன. ஊருக்கெல்லாம் நல்ல சோறு போடுகிற நாம், நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் யாரோ மருந்தடித்து விளைவித்ததை ஆக்கிப் போடுகிறோம்.

இதற்குக் காரணம் அறியாமை இல்லை, அசதி. நாள் முழுக்கக் களையெடுத்து, மாட்டையும் கறந்துவிட்டு வருகிற பெண்ணிடம் சாமைச் சோறு ஆக்கச் சொன்னால், "கல்லு அரிச்சு, ஊறவச்சு, எப்ப ஆக்கி எப்பத் திங்கிறது?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு மணி நேரத்தில் முடிகிற ஓர் இரவுச் சாப்பாட்டை இந்தப் பாடத்தில் பார்ப்போம். ஒரு தானியம், ஒரு பயறு, ஒரு காய், அவ்வளவுதான். அளவுகள் நான்கு பேருக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி.

சாமைச் சோறு

சாமை அரிசி 2 டம்ளர். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, கல் போக அரித்து, அரை மணி நேரம் ஊற வையுங்கள். தவிடு நீக்காத அரிசி என்றால் ஒரு மணி நேரம் ஊறட்டும். 5 டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரிசியை வடித்துப் போட்டு, உப்புச் சேர்த்துக் கிளறுங்கள். தண்ணீர் சுண்டி வரும்போது தீயைக் குறைத்து மூடுங்கள். மொத்தம் 15 நிமிடத்தில் வெந்துவிடும். இறக்கியதும் திறக்காமல் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்தப் புழுக்கத்தில்தான் சோறு உதிரியாகும். "சாமை குழைஞ்சு போகுது" என்பவர்கள் பெரும்பாலும் நெல்லரிசி போல நிறையத் தண்ணீர் வைத்தவர்கள், அல்லது வேகும்போதே கிண்டிக்கொண்டிருந்தவர்கள்.

பச்சைப்பயறு கடையல்

முழுப் பயறு 1 டம்ளர். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதே ஊறப் போட்டுவிட்டால், மாலையில் திறந்த சட்டியிலேயே அரை மணி நேரத்தில் மலர்ந்துவிடும். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் மூன்று, சீரகம், மஞ்சள் சேர்த்து வேகவிடுங்கள். வெந்த பிறகு உப்புப் போட்டு மத்தால் கடையுங்கள். செக்கு எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் போதும்.

தானியத்தோடு பயறு ஏன்? தானியப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பயறில் அது நிறைய. பயறில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. வயலில் தானியத்தோடு பயறை ஊடுபயிராக விடுகிறோமே, அதே கூட்டு தட்டிலும் நடக்கிறது.

வேலிக்காய்

ராத்திரியில் கீரை ஆகாது என்பது பல வீடுகளில் வழக்கம். அதை மாற்றச் சொல்லவில்லை. கீரை பகலுக்கு இருக்கட்டும். இரவுக்குச் சுரை, பீர்க்கு, புடலை, பூசணி என்று வேலியிலும் பந்தலிலும் காய்ப்பவை இருக்கின்றன. நீர்ச்சத்துள்ள காய்கள் என்பதால் கையளவு தண்ணீர் தெளித்து மூடினால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். பீர்க்கந்தோலைத் தூக்கிப் போடாமல் துவையலாக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சுரைக்காயை அரிந்ததும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பைக்குழியில் போடுங்கள். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்காதீர்கள். கசப்பு விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். இப்படி விதைத் தேர்வின் ஒரு பகுதி சமையலறையில்தான் நடக்கிறது.

அடுப்பிலிருந்து நிலத்துக்கு

இப்போது கணக்கு. ஓர் இரவுக்கு 2 டம்ளர் சாமை என்பது ஏறக்குறைய 350 கிராம். வாரம் ஐந்து இரவு என்றால் ஆண்டுக்கு 260 இரவு. ஆக 91 கிலோ அரிசி. தோல் நீக்கும்போது நூற்றுக்கு 60 பங்கு அரிசி கிடைத்தால், 150 கிலோ சாமை வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோதான் வருகிறது என்றாலும் அரை ஏக்கர் போதும். பயறு ஆண்டுக்கு 45 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ விளைந்தால் கால் ஏக்கருக்கும் குறைவான இடம். காய்க்கு வேலியோரம் நாலைந்து கொடி. உங்கள் விளைச்சலை வைத்து இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். விற்பனைக்கு என்ன போடலாம் என்று யோசிக்கும் முன், இந்த முக்கால் ஏக்கரை வீட்டுக்கென ஒதுக்குங்கள். புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களும் முதல் போகத்தை இங்கிருந்தே தொடங்கலாம். விலை விழுந்தாலும் சோறு இருக்கும்.

சாமையைச் சாமையாகவே வைத்தால் ஓராண்டுக்கு மேல் கெடாது. தோல் நீக்கிய அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். பதினைந்து நாளைக்கு ஆவதை மட்டும் அரைத்து வாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். சிறுதானியம் நம் வீடுகளை விட்டுப் போனதற்கு நெல்லரிசி மோகம் மட்டும் காரணமில்லை. உரலில் குத்திக் குத்தி நம் அம்மாக்களின் தோள் ஓய்ந்ததும் காரணம். அந்தப் பாரத்தைத் திரும்பவும் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு "பாரம்பரிய உணவு" என்று பேசுவது சரியில்லை. நாலைந்து ஊருக்கு ஒரு தோல் நீக்கும் எந்திரம் வைப்பதை உழவர் குழுக்கள் எடுத்துச் செய்ய வேண்டும். அரைத்து வருவதும், கல் அரிப்பதும், காய் அரிவதும் வீட்டு ஆண்களின் வேலையாகட்டும். இரண்டு பேர் கை வைத்தால்தான் அந்த ஒரு மணி நேரக் கணக்கு சரியாக வரும்.

இந்த வாரம் செய்து பார்க்க

வாரத்தில் இரண்டு இரவு இந்தச் சாப்பாட்டை ஆக்குங்கள். எந்தப் பொருள் நம் நிலத்தது, எது கடையில் வாங்கியது என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். மாத முடிவில் கடைப் பத்தியைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். அடுத்த பட்டத்தில் எதை விதைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.