மடியில் விரியும் பள்ளி



வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் முதலிய இடங்களில் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல. ஊரில் தாத்தாவும் பாட்டியும், இங்கே பேரக்குழந்தைகள். நடுவே ஒரு சில மணி நேர இரயில் பயணமே உள்ளது. ஆயினும் அத்தொலைவு நாளுக்கு நாள் பெருகி வருவதைக் காண்கிறோம்.

அண்மையில் தாம்பரத்தில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பேத்தியைக் காண ஊரிலிருந்து வந்திருந்த மூதாட்டியார் மூன்றரை வயதுக் குழந்தையை நோக்கிக் கைநீட்டி, "ஆயாகிட்ட வா கண்ணு" என்று அழைத்தார். குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்து, "எங்க ஸ்கூல் ஆயாவா?" என்று கேட்டது. அனைவரும் நகைத்தோம். மூதாட்டியாரும் நகைத்தார். சிறிது நேரம் கழித்து, "இவ பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது இவளுக்குப் புரியல" என்று மெல்லச் சொன்னார். அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மழலையர் பள்ளிக்குச் செல்லும் முன்னரும், செல்லத் தொடங்கிய பின்னரும், மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள காலம் மொழி வேரூன்றும் காலம். அக்காலத்தில் வீட்டுமொழியைக் குழந்தையின் நாவில் நிலைபெறச் செய்வதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. அதுவே குழந்தையும் பங்கு கொள்ளும் படநூல். அதனைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பங்கு கொள்ளும் படநூல் யாது?

குழந்தைகளுக்குப் படத்தின் வாயிலாகக் கற்பிக்கும் முறை புதியதன்று. கொமேனியசு என்னும் கல்வியாளர் 1658 ஆம் ஆண்டிலேயே உலகப் பொருள்களைப் படங்களால் விளக்கும் பாடநூலை வெளியிட்டார். 19 ஆம் நூற்றாண்டில் செருமனியின் மியூனிக் நகரத்து ஓவியர் லோத்தார் மெக்கன்டோர்ஃபர், தாளை இழுத்தால் உருவங்கள் அசையும் நூல்களைப் படைத்தார். அமெரிக்காவில் டாரதி குன்ஹார்ட் 1940 இல் வெளியிட்ட சிறு நூலில் குழந்தை முயலின் மென்மையான உரோமத்தைத் தடவிப் பார்க்கலாம். எரிக் கார்ல் 1969 இல் வெளியிட்ட நூலில் பசித்த புழு ஒன்று பழங்களைத் தின்று செல்கிறது. அது தின்ற இடமெல்லாம் பக்கத்தில் உண்மையாகவே துளை இருக்கும். குழந்தை அதில் விரலை நுழைத்து மகிழும்.

தடவுதல், திறத்தல், இழுத்தல், விரல் நுழைத்தல் ஆகியவை குழந்தையின் கையை நூலுக்குள் அழைக்கின்றன. ஆனால் கை மட்டும் நுழைந்தால் போதாது. நாவும் நுழைய வேண்டும். அதற்கு அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திற்குச் சென்றவர்கள் இதனை எளிதில் உணர்வர். இருகப்பர் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் ரிஷபதேவர், வர்த்தமானர் முதலிய தீர்த்தங்கரர்களின் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. படிக்கத் தெரிந்தவர்க்கு விளக்க எழுத்துகளும் உண்டு. படிக்கத் தெரியாத குழந்தைக்கோ, தோளில் சுமந்து நிற்கும் தந்தையின் சுட்டுவிரலே விளக்கம். "அதோ பார், யார் தெரிகிறார்?" என்று அவர் கேட்கும்போதுதான் ஓவியம் வாய் திறக்கிறது. மண்டபத்து விதானத்திற்கு உரிய இவ்வுண்மை, மடியில் விரியும் நூலுக்கும் உரியதே.

வினவும் முறை

அமெரிக்க உளவியல் அறிஞர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் 1988 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோர் இரு பிரிவினராக ஒரு மாத காலம் வீட்டில் படநூல் படித்துக் காட்டினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் படித்தனர். மற்றப் பிரிவினர் குழந்தையைக் கேள்வி கேட்டுப் பேச வைக்கும் முறையைக் கற்றுக்கொண்டு படித்தனர். மாத முடிவில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் பேச்சுத்திறன் தெளிவாக முந்தியிருந்தது.

இம்முறையில் நான்கு படிகள் உள்ளன. முதலில் வினவுதல், அடுத்து, குழந்தை சொன்ன விடையை ஏற்றுத் தேவையெனில் திருத்துதல், பின்னர் அவ்விடையைச் சற்றே விரித்தல், இறுதியில் விரித்ததைக் குழந்தையைக் கொண்டே திரும்பச் சொல்லச் செய்தல். கிணற்று மேடையில் பூனை அமர்ந்திருக்கும் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"இது என்ன, கண்ணு?"

"பூனை."

"ஆமா, பூனைதான். கறுப்புப் பூனை, கிணத்து மேல உட்கார்ந்திருக்கு. எங்க உட்கார்ந்திருக்கு, சொல்லு?"

"கிணத்து மேல."

ஒரு சொல் கூறிய குழந்தை இப்போது இரு சொல் கூறிவிட்டது. மறுநாள், "பூனை ஏன் அங்கே ஏறியது? இனி என்ன செய்யும்?" என்று கேட்கலாம். "ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, "என்ன", "எங்கே", "ஏன்" என்னும் கேள்விகளைப் பெருக்குதல் நலம். கேட்ட பின் பொறுத்திருத்தல் வேண்டும். குழந்தை சொல்லைத் தேடும் நொடியில் நாமே விடை கூறிவிடுதல் பலருக்கும் உள்ள பழக்கம். அதனைக் கைவிட வேண்டும்.

ஒன்றை இங்கே வற்புறுத்துகிறோம். நூலில் உள்ள எழுத்துத் தமிழை அப்படியே ஒப்பிக்க வேண்டுவதில்லை. வீட்டில் பேசும் தமிழிலேயே கதையைச் சொல்லுங்கள். முறம், உறி, குதிர், வைக்கோற்போர், ஏற்றம் ஆகிய சொற்களைப் புறநகர் அடுக்ககத்துக் குழந்தை வேறெங்கும் கேட்கப் போவதில்லை. அவற்றைச் சொல்லிக் கொடுக்கப் பாட்டியைவிடத் தகுந்த ஆசிரியர் இல்லை. எழுத்தறியாத பாட்டியும் படநூலைப் படிக்க வல்லவரே.

கைப்பேசியிலும் படம் அசைகிறதே, தொட்டால் பேசுகிறதே என்று சிலர் கேட்கலாம். அது பேசும், ஆனால் குழந்தையின் விடைக்காகக் காத்திராது, விடையை விரித்தும் கூறாது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரைமுன் அமரும் நேரம் ஒரு நாளில் 1 மணியை மிகலாகாது; அதனினும் குறைவது நன்று என உலக நலவாழ்வு நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியுள்ளது.

நூல்கள் கிடைக்கும் இடம்

நல்ல படநூல்களுக்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. கீதா உல்ஃப் 1994 இல் தொடங்கிய தாரா பதிப்பகம், கையால் அச்சிட்ட ஓவிய நூல்களுக்கு உலகப் புகழ் பெற்றது. அது நம் சென்னையைச் சேர்ந்ததே. 1996 முதல் சென்னையில் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும், ஒரே நூலில் ஆங்கிலமும் தமிழும் அமையுமாறும் சிறுவர் படநூல்களை வெளியிட்டு வருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். அச்செடுத்துக் கையில் கொடுப்பது சிறப்பு. 2010 இல் திறக்கப்பெற்ற கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி உண்டு. விடுமுறை நாளில் ஒருமுறை குழந்தையை அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு நூல்

பொருட்செலவின்றி நாமே ஒரு நூல் செய்யலாம். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரே அளவாக எட்டுப் பக்கங்கள் வெட்டி, கூர்முனைகளை வளைவாக நறுக்கிக் கொள்க. ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் தளர்வாகக் கட்டுக. கம்பி ஊசிகள், மணிகள், பொத்தான்கள் வேண்டா. சிறு குழந்தைகள் விழுங்கிவிடக் கூடும். படங்களுக்கு நாட்காட்டிகளும் திருமண அழைப்பிதழ்களும் வீட்டு நிழற்படங்களும் போதும். திறந்து மூடும் கதவுகளுக்குத் தாள் துண்டின் ஓர் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டுக.

முதலிற் சொன்ன இல்லத்தில் இவ்வாறே ஒரு நூல் செய்ய உதவினோம். முதற் பக்கத்தில் தாம்பரம் நிலையத்து இரயில். அதன் கதவைத் திறந்தால் குழந்தையின் நிழற்படம். அடுத்துத் திண்டிவனம் நிலையம், ஊருக்குச் செல்லும் பேருந்து, களத்துமேடு, கிணறு, தொழுவம், முறத்தில் நெல் புடைக்கும் கைகள். தொழுவத்தின் கதவைத் திறந்தால் கன்று. எட்டாம் பக்கத்தில் ஓட்டு வீடு. அதன் கதவைத் திறந்தால் மூதாட்டியாரின் முகம்.

மூதாட்டியார் ஊர் திரும்பும் வரை நாள்தோறும் மாலையில் அந்நூலை மடியில் விரித்து, பேத்தியிடம் கேள்வி கேட்டு வந்தார். அவர் புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை சென்றிருந்தோம். குழந்தை எட்டாம் பக்கத்துக் கதவைத் திறந்து நம்மிடம் காட்டி, "இது ஸ்கூல் ஆயா இல்ல; எங்க ஆயா" என்றது.

பள்ளி என்னும் சொல் முன்னாளில் சமணத் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்து, பின்னர்க் கல்வி பயிலும் இடத்திற்கு ஆகி வந்தது என அறிஞர் கூறுவர். அக்கல்வியின் முதல் வகுப்பு நம் மடியிலேயே தொடங்கட்டும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். இன்று மாலையே தொடங்குவோமாக!