நோவில்லா நோய்கள்: செவி, வாய், கழுத்து என்பன பற்றிச் சில குறிப்புகள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் நாவிற் பயின்றுவரும் பழமொழி. ஐம்பொறிகளுள் மெய்யொழிந்த நான்கும் தலையிலேயே அமைந்துள்ளன. உண்பதும் உயிர்ப்பதும் பேசுவதும் கழுத்தின் வழியாகவே நிகழ்கின்றன. ஆயினும் இவ்வுறுப்புகளில் உண்டாகும் நோய்களுள் நோவு தருவனவற்றுக்கே நாம் அஞ்சுகின்றோம். பல்வலி கண்டால் இரவென்றும் பாராது வண்டி பிடித்துப் பதுளைக்கு ஓடுகின்றோம். பிள்ளையின் காதிலிருந்து மாதக்கணக்கிற் சீழ் வடிந்தாலோ துணியினால் துடைத்துவிட்டு வேலைக்குப் போகின்றோம். நோவில்லாத நோய் நோயன்று என்னும் இவ்வெண்ணமே ஊவா மலைத் தோட்டங்களிற் பலருடைய செவியையும் சிலருடைய உயிரையும் கொண்டுபோகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியரே. எனினும் மருத்துவ உண்மைகளைத் தமிழில் எடுத்துரைப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததோடு நூல்களையும் தமிழாக்கினார். அவர் காட்டிய வழியில், கற்றறிந்தோர் கூறுவனவற்றை எம்மவர்க்கு விளங்குமாறு எழுதுதல் ஆசிரியர்க்கும் உரிய பணியே.

எமது தவறு ஒன்று

இற்றைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் யாம் நான்காம் வகுப்புக்குப் படிப்பித்தோம். அவ்வகுப்பில் ஒரு சிறுவன் சொல்வதெழுதுதலில் நாள்தோறும் பிழை விடுவான். ‘பல்’ என்றால் ‘கல்’ என எழுதுவான். ‘படம்’ என்றால் ‘பழம்’ என எழுதுவான். பெயர் சொல்லி அழைத்தாற் சில வேளை விடையிறுப்பான். சில வேளை வாளாவிருப்பான். மந்தன் என்றும் கவனமற்றவன் என்றும் எண்ணி அவனைக் கடைசி வாங்கில் இருத்தினோம். வாங்கு பின்னே போகப் போகப் பிழைகளும் பெருகின.

ஒருநாள் இடைவேளையில், யன்னலோரமாக நின்றிருந்த அவனைப் பின்னாலிருந்து இரு முறை அழைத்தோம். அவன் திரும்பவில்லை. முன்னே சென்று நின்றபோது திடுக்கிட்டான். அன்று மாலையே லயத்துக்குச் சென்று தாயாரை வினவினோம். “காதா சார்? அது சின்னப் புள்ளையில இருந்தே ஒழுகுதுங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்றார் அவர். அத்தாயை நோவதற்கு எமக்கு என்ன உரிமை? அவர் விடியலிற் கொழுந்து மலைக்குச் சென்று மாலையில் மீள்பவர். பகலெல்லாம் பிள்ளையைத் தம் முன்னே வைத்திருந்தவர் யாமே.

காது வடிதல்

செவி மூன்று பகுதிகளை உடையது. புறச்செவி ஒலியைத் திரட்டிச் செவிப்பறையிற் சேர்க்கும். அப்பறை அதிர, நடுச்செவியிலுள்ள சம்மட்டி, பட்டடை, ஏந்தி ஆகியவற்றின் உருவங்கொண்ட மூன்று சிற்றென்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்தும். உட்செவியிலுள்ள நத்தைச் சுருள் அதனை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்பும்.

நடுச்செவியைத் தொண்டையின் மேற்பகுதியோடு இணைப்பது ஊத்தேக்கியோவின் குழாய். பிள்ளைகளிடத்தே இது குறுகியதாயும் கிடையாயும் இருத்தலின், தடிமனும் தொண்டை நோயும் எளிதிற் காதுக்கு ஏறும். மூக்கின் பின்னுள்ள சதை வளர்ந்து இக்குழாயை அடைத்தலும் உண்டு. வாயால் மூச்சு விடுதலும் உறக்கத்திற் குறட்டையும் அதன் அறிகுறிகள். குளிர் மிகுந்த இடங்களில், அடுப்புப் புகை சூழ்ந்த ஒற்றையறையில் பலர் நெருங்கி வாழும்போது தடிமன் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஓயாது தொற்றுகின்றது.

நடுச்செவியிற் சீழ் கட்டும்போது பிள்ளை நோவினால் இரவெல்லாம் அழும். பின்பு செவிப்பறை கிழிந்து சீழ் வெளிவரும். உடனே நோவும் தணியும். நோய் தீர்ந்தது என்று பெற்றோர் மகிழ்வது அப்போதுதான். நோய் நிலைகொள்ளத் தொடங்குவதும் அப்போதுதான். சிறு கிழிசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். மூடாது இரண்டு வாரத்துக்கு மேல் வடியுமாயின் அதனை நாட்பட்ட நோயெனக் கொண்டு வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

வீட்டிற் செய்யத்தக்கது காதை உலர்த்துதலே. தூய பருத்தித் துணியைத் திரிபோல முறுக்கி, காதின் வாயில் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்து வேறு திரி வைத்தல் வேண்டும். இவ்வாறு நாளுக்கு மூன்று முறையேனும் காது உலருமளவும் செய்க. திரியைக் காதினுள்ளே விட்டுவிடலாகாது. பீலியிற் குளிக்கும்போது வசிலீன் பூசிய பஞ்சினாற் காதின் வாயை அடைத்துக்கொள்க, ஆற்றில் மூழ்கலாகாது. உலர்த்திய காதில் இடுதற்குரிய துளிமருந்தை வைத்தியர் தருவார். அயல் வீட்டார் மிச்சம் வைத்த சீசாவை வாங்கி இடுதல் தவறு. சில துளிமருந்துகள் கிழிந்த பறையினூடே சென்று உட்செவிக்கே கேடு செய்யும். ஆறாத கிழிசலைச் சத்திர சிகிச்சையால் மூடலாம்.

செய்யத் தகாதவையும் உள. காய்ச்சிய எண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் ஆகியவற்றை வடியும் காதில் ஊற்றலாகாது. கோழி இறகு, ஊசி, நெருப்புக்குச்சி கொண்டு குடையலாகாது. குறும்பி அழுக்கன்று, காதைக் காப்பதற்கு இயற்கை அமைத்தது. அது இறுகி அடைத்தால் மட்டும் வைத்தியசாலையில் இளக்கி எடுப்பர். காதினுள் இட்ட பயறு, கடலை முதலியன நீர் பட்டால் ஊதிப் பெருக்கும். ஆதலின் நீர் விடாது வைத்தியரிடம் கொண்டு செல்க. சிறு பொத்தான் மின்கலம் காதிலோ மூக்கிலோ புகுந்தால் ஒரு மணி நேரமும் தாமதித்தலாகாது; அது சதையை அரித்துவிடும்.

காது வடியும் பிள்ளைக்குக் காதின் பின்புறம் வீங்குதல், கடுங்காய்ச்சல், தலையிடியோடு வாந்தி, தலைச்சுற்று, முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சீழ் எலும்பையும் மூளையையும் நாடுகின்றது என்பதற்கு இவை அடையாளம். பதுளைப் போதனா வைத்தியசாலையிற் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

ஆசிரியர் கவனிக்க வேண்டுவன

பிள்ளைகளின் கேள்விக் குறைபாடுகளில் நூற்றுக்கு அறுபது, தடுக்கத்தக்க காரணங்களால் உண்டாவன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவற்றை முதலிற் காணத்தக்கவர் வகுப்பாசிரியரே. சொல்லை அடிக்கடி ‘என்ன?’ என்று வினவுதல், பேசுவோர் வாயையே உற்றுநோக்குதல், ஒரு காதைத் திருப்பிக் கேட்டல், ஓசையால் ஒத்த சொற்களை மாறி எழுதுதல் ஆகியன அறிகுறிகள். ஐயமுண்டாயின், பிள்ளையின் ஒரு காதைப் பொத்தச் செய்து, பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று, ‘பல், கல், நெல்’ என மெல்லிய குரலிற் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்க. பின் மற்றைக் காதையும் அவ்வாறே சோதிக்க. இது வைத்திய சோதனையன்று. வைத்தியரிடம் அனுப்புதற்குப் போதிய காரணமாகும். அத்தகைய பிள்ளையை முன் வாங்கில் இருத்துக. கரும்பலகையை நோக்கியபடி பேசாது, முகம் தெரியப் பேசுக.

இன்னுமொன்று. உள்ளங்கையாற் காதோடு அறைந்தால், அடைபட்ட காற்றின் விசையாற் செவிப்பறை கிழியக்கூடும். படிப்பிக்க வந்த கையே படிப்பு நுழையும் வாயிலை உடைத்தல் எத்துணைக் கொடுமை! திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றை அடுத்துக் கேள்விக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்தார் என்பதனை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

பெரியோர்க்கும் செவி நோவின்றியே கெடுதல் உண்டு. எண்பத்தைந்து டெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் வேலை செய்வோர்க்கு நத்தைச் சுருளின் நுண்மயிர்க் கலங்கள் அழியும், அழிந்தவை மீளா. இரையும் இயந்திரங்களின் அருகே நிற்போர் காதுறை அணிதல் வேண்டும்.

வாய்

குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலைச் சுருளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மலையேறும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. உழைப்பின் களைப்பை அறிந்த எவரும் அதனை எளிதிற் பழிக்கமாட்டார். ஆயினும் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்று. புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்று, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. மெல்லும் புகையிலைப் பொருள்களின் விற்பனையை இலங்கை அரசு 2016 இல் தடை செய்தது.

வாய்ப்புற்றின் தொடக்கத்தில் நோவு இராது. கன்னத்தின் உட்புறத்தில் வெண்படலமோ செம்படலமோ தோன்றுதல், உறைப்பு உண்ணும்போது எரிதல், வாய் வரவரத் திறவாமை, மூன்று வாரத்துக்குள் ஆறாத புண் ஆகியனவே அதன் முன்னறிவிப்புகள். வெற்றிலை போடுவோர் திங்களுக்கு ஒரு முறை, பகல் வெளிச்சத்திற் கண்ணாடி பிடித்து வாயைப் பார்த்தல் நலம். ஐயமுண்டாயின் பல் வைத்தியரிடம் காட்டுக. தொடக்கத்திற் கண்ட நோயைப் பெரும்பாலும் குணமாக்கலாம். கழுத்திற் கட்டி தோன்றிய பின் வருவோர்க்கு மருத்துவம் அரிதாகின்றது.

கழுத்து

கழுத்தில் தோன்றும் வீக்கங்களை யெல்லாம் ஒன்றாக எண்ணலாகாது. குரல்வளையின் முன்னே, விழுங்கும்போது மேலுங் கீழும் அசையும் வீக்கம் கண்டக்கழலை. இது கேடயப்போலிச் சுரப்பியின் பெருக்கம். மழை மிகுந்த மலைநாட்டு மண்ணில் அயடீன் கரைந்து போதலின், அங்கு விளைவனவற்றில் அது குறைவு. அயடீன் குறைந்த தாய்க்குப் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். ஆகையால் உண்ணும் உப்பில் அயடீன் சேர்த்தல் இலங்கையில் 1995 முதற் சட்டமாக்கப்பட்டது. அவ்வுப்பை மூடிய பாத்திரத்தில், அடுப்பின் வெம்மை படாத இடத்தில் வைக்க. கறி இறக்குந் தறுவாயில் இடுக. உப்புச் சீராக உண்போர்க்கும் வேறு காரணங்களாற் கழலை தோன்றலாம். அதனை இரத்தப் பரிசோதனையால் அறிந்து மாத்திரையாலோ சத்திர சிகிச்சையாலோ மாற்றுவர்.

கழுத்தின் பக்கங்களில் மாலைபோல அடுத்தடுத்துத் தோன்றும் நோவற்ற கட்டிகளை முன்னோர் கண்டமாலை என்றனர். அது பெரும்பாலும் காசநோயின் ஒரு வகை. அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். ஆறு மாதம் இடைவிடாது உண்டால் நோய் நீங்கும். பிள்ளைகளின் பிடரியிற் காணும் சிறு முடிச்சுகளோ பேனினாலும் தலைப்புண்ணாலும் வருவன. தலையைச் செப்பஞ்செய்யத் தாமே மறையும். எக்கட்டியாயினும் மூன்று வாரத்தில் மறையாவிடின் காட்டுதல் கடன்.

முடிவுரை

அச்சிறுவனைத் தாயார் ஒருநாட் கைக்காசை இழந்து பதுளைக்கு அழைத்து வந்தார். பல வாரங்களில் காது உலர்ந்தது. பின்னர்ச் சத்திர சிகிச்சையும் நடந்தது. முன் வாங்கில் இருந்து அவன் ‘பல்’ என்பதைப் ‘பல்’ என்றே எழுதினான். எனினும் பின் வாங்கில் இழந்த படிப்பை அவன் முற்றும் மீட்டான் என்று சொல்ல யாம் துணியோம். அக்கடன் எம்முடையது, அதனைத் தீர்க்கும் வகையிலேயே இதனை எழுதினோம்.

சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையினர் ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் தரப் பிள்ளைகளைப் பாடசாலையிலேயே பரிசோதிக்கின்றனர். அந்நாளில் எந்தப் பிள்ளையும் விடுபடாது பார்த்தல் ஆசிரியர் கடன். பதுளைக்குச் செல்லும் நாட்கூலியையும் வண்டிச் செலவையும் ஒரு தாய்க்கு ஈடுசெய்தல் பழைய மாணவர்க்கு இயலாத காரியமன்று. விழாவுக்கு எழுப்பும் மண்டபத்தோடு இதனையும் ஒரு திருப்பணியாக அவர்கள் எண்ணுவார்களாயின், அம்மண்டபத்தில் ஒலிக்கும் பாடம் கடைசி வாங்கிலும் கேட்கும்.