நயினாதீவுச் சாசனமும் நமது காலமும்

இடைக்கால வரலாற்றைக் கற்பதனால் இக்காலத்தவர்க்கு ஆவது யாதென வினவுவோர் உளர். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிற் காணப்படும் கற்சாசனமொன்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்குதல் வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்படுதல் வேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடையுமாயின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலம் உடையின் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. யானை குதிரைக்கு மட்டும் இச்சலுகை ஏனெனின், அவற்றில் தனக்கு விருப்பமுண்டென மன்னனே ஒளியாது கூறிவிடுகின்றான்! ஆதலின் இதனைத் தூய அறச்செயலெனப் புகழ்தற்கில்லை. வணிகரை ஈர்த்தற்கு வகுத்த கொள்கையென்றலே பொருந்தும். எனினும், உடைந்த கலத்தின் பொருளை அரசரே கவர்ந்துகொள்ளும் வழக்கம் அக்காலத்து நிலவியதென்பதை, அவ்வழக்கத்தைக் கைவிட்ட காகதீய மன்னன் கணபதியின் 1244 ஆம் ஆண்டு மோட்டுப்பள்ளிச் சாசனத்தால் அறிகின்றோம். அதனோடு ஒப்பிடுமிடத்து ஊராத்துறை ஆணையின் அருமை புலனாகும்.

ஆயின் நாம் பெரிதும் கருதவேண்டியது வேறொன்று. சிங்கள மன்னனின் இவ்வாணை தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. துறையிலுள்ளாரும் அங்கு வருவாரும் விளங்கிக்கொள்ளாத சட்டத்தால் பயனில்லை என்பதை அவனது அரசு அறிந்திருந்தது. வடபுலம் பொலன்னறுவைக்கு அடங்கியிருந்ததென நாட்ட ஒருசாரார் இக்கல்லைக் காட்டுவர்; பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கு தமிழ் வழங்கியதென நாட்ட மறுசாரார் காட்டுவர். இரண்டும் உண்மையே. ஆணையின் வாசகத்தைப் படித்து அது சொல்வதைக் கேட்போர்தாம் அரியர்.

1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. அதன் பின்னரும், தமக்கு விளங்காத மொழியில் வந்த அரசாங்கக் கடிதத்தைக் கையிலேந்தி, வாசித்துச் சொல்வாரைத் தேடி அலைந்த முதியோரை நாம் கண்டுள்ளோம். அவர்கள் பொருட்டேனும் இச்சாசனம் பாடசாலை வரலாற்று வகுப்பில் வரிவரியாகப் படிக்கப்படுதல் வேண்டும்.

குறிகட்டுவானிற் படகேறி நயினைக்குச் செல்வோருள் அம்மனை வழிபடுவோரும் உளர். நாகவிகாரையை வழிபடுவோரும் உளர். இருதிறத்தாரும் படகுக்குக் காத்துநிற்கும் அவ்விறங்குதுறையிலேயே, சாசனத்தின் முழு வாசகமும் தமிழிலும் சிங்களத்திலும் அருகருகே எழுதி நிறுத்தப்படுதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.