அனலிடைக் காற்றுப்போர்வை

நுழையும்முன்

அறிவியலின் அரிய நுட்பங்கள் பல, இயற்கையின் எளிய இயக்கங்களில் பொதிந்துள்ளன. கற்களிடையே புரண்டோடும் மலையோடையும், மடை திறந்ததும் வயலில் பரவும் நீரும் நாம் அறிந்தவையே. அவ்விரண்டின் இயல்பையும் காற்றிற்கு அளித்து, உலோகத்தையே உருக்கும் வெம்மையில் எந்திரத்தை இயங்கச் செய்துள்ளது மனித அறிவு. அந்நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆறு, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சிப் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் பாறைகளில் மோதிச் சுழித்த நீர், வயலில் அடங்கிப் படர்கிறது. நீர் ஒன்றே, ஓட்டம் இருவகை. இவ்விருவகை ஓட்டத்தையும் கண்டவர்க்கு, வானூர்தி எந்திரத்தின் மிகக் கடினமான நுட்பம் ஒன்று எளிதில் விளங்கும்.

வெம்மையும் விசையும்

கேஸ் டர்பைன் என வழங்கும் எரிவளி விசையாழியின் முன்பகுதி, காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறது. நடுப்பகுதியில் எரிபொருள் எரிகிறது. எரிந்து விரியும் வளிமம், பின்பகுதியிலுள்ள இறக்கைகளைச் சுழற்றுகிறது. குத்தாலம், வழுத்தூர் ஆகிய ஊர்களின் மின்நிலையங்களிலும் வானூர்திகளிலும் நிகழ்வது இதுவே.

வளிமத்தின் வெப்பம் உயர உயர, எந்திரத்தின் ஆற்றலும் உயரும். இக்காலப் போர் வானூர்தி எந்திரங்களில் அது 1500 டிகிரி செல்சியசைக் கடந்துவிட்டது. இறக்கைகள் செய்யப்படும் நிக்கல் கலப்புலோகமோ 1300 முதல் 1400 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும். அன்றியும், நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழல்வதால் ஒவ்வோர் இறக்கையையும் பல டன் விசை வெளிநோக்கி இழுக்கிறது. வெம்மையும் இழுவிசையும் கூடும்போது உலோகம் சிறிது சிறிதாக நீள்கிறது. இறக்கையின் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி கூடினாலே அதன் ஆயுள் பாதியாகக் குறையக்கூடும். எனவே, இறக்கையைக் குளிர்விப்பது எந்திரத்தின் உயிரைக் காப்பதாகும்.

உள்ளே ஓர் ஓடை

முன்பகுதியில் அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பங்கு எரிகலத்திற்குச் செல்லாமல், உள்ளீடற்ற இறக்கைக்குள் செலுத்தப்படுகிறது. அழுத்தப்பட்டதால் அக்காற்றும் 600 டிகிரி அளவிற்குச் சூடாகவே இருக்கும். ஆயினும், 1500 டிகிரி அனலுக்கு முன் அது தண்காற்றே.

வளைந்து வளைந்து செல்லும் வழிகளில் அக்காற்று ஓடுகிறது. வழுவழுப்பான சுவராயின், சுவரையொட்டிச் சூடேறிய காற்று அங்கேயே தங்கிவிடும். ஆதலால், உட்சுவர்களில் குறுக்கே சிறு வரம்புகள் அமைக்கப்படுகின்றன. மலையோடைக் கற்கள் நீரைப் புரட்டுவதுபோல இவை காற்றைப் புரட்டுகின்றன. சூடேறிய காற்று விலக, புதிய காற்று சுவரைத் தொட்டு வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது.

வெளியே ஒரு போர்வை

உள்ளே ஓடிய காற்று, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய துளைகளின் வழியே வெளிவந்து, இறக்கையின் மேல் மெல்லிய படலமாகப் படர்கிறது. மடையை அளவாகத் திறந்தால் நீர் வயலெங்கும் பரவும். மிகுதியாகத் திறந்தால் மண்ணை அரித்துக்கொண்டு பாயும். இங்கும் அதுவே நெறி. காற்று விசையுடன் பீறிட்டால் மேற்பரப்பைவிட்டு எழும்பிவிடும். அடியில் அனல் புகுந்துவிடும். ஆகவே, துளைகள் சாய்வாகவும் பெரும்பாலும் வாய் விரிந்தனவாகவும் அமைக்கப்படுகின்றன. இறக்கையின் மேல் பூசப்படும் சிர்கோனியா என்னும் பீங்கான் பூச்சும் வெப்பத்தைத் தடுக்கிறது.

இக்காப்பிற்கு விலையும் உண்டு. குளிர்விக்கச் செல்லும் காற்று, ஆற்றல் தரும் பணியை முழுமையாகச் செய்வதில்லை. சில எந்திரங்களில் இது மொத்தக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும். குறைந்த காற்றால் நிறைந்த காப்பைப் பெறுவதே பொறியாளரின் நோக்கம்.

நம் நாட்டு முயற்சி

சுவாமிமலைச் சிற்பியர் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். விசையாழி இறக்கையும் இம்முறையிலேயே வார்க்கப்படுகிறது. உள்ளே வைக்கப்படும் பீங்கான் கருவைப் பின்னர்க் கரைத்தெடுக்க, காற்றுவழிகள் கிடைக்கின்றன. இவ்வாற்றலை முழுமையாகப் பெற்ற நாடுகள் மிகச் சிலவே.

பெங்களூரிலுள்ள எரிவளி விசையாழி ஆய்வு நிறுவனம், 1989இல் 'காவிரி' எந்திரத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், 2001 ஜனவரி 4ஆம் நாள் தேஜஸ் வானூர்தி முதன்முதலாகப் பறந்தது அமெரிக்க எந்திரத்தைக் கொண்டே. வேண்டிய உந்துவிசையைக் காவிரி எட்டாமையால், 2008இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனினும் முயற்சி நின்றுவிடவில்லை. வானூர்தியை நாமே வடிவமைத்தாலும், அதன் எந்திரத்திற்குப் பிறரை எதிர்நோக்கும் நிலை மாற வேண்டுமாயின், அனலை வெல்லும் இறக்கைகளை வார்க்கும் திறன் நம்மிடம் வளர வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

உலோகம் பொதுவாகப் பல நுண்படிகங்களால் ஆனது. அப்படிகங்கள் இணையும் எல்லைகளே மிகு வெப்பத்தில் முதலில் தளர்கின்றன. எல்லைகளே இல்லாதவாறு ஒரே படிகமாக வார்க்கப்படுவது ஒற்றைப்படிக இறக்கை. ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் இத்தகைய 60 இறக்கைகளைச் செய்து, ஹெலிகாப்டர் எந்திர உருவாக்கத்திற்காக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திற்கு வழங்கியதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் ஓடை, வாய்க்கால், மடை ஆகியவற்றில் நீரோட்டம் வேறுபடும் முறையை உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.

2. 'மரபுக் கைவினையும் புதிய தொழில்நுட்பமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.